ஒரே கூரையின் கீழ் 400 பேர்: ரோம், கி.பி. 61

கி.பி. 61இல் ரோம் நகரின் தலைமை அதிகாரி தன் வீட்டிலேயே, தன் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். அதற்காக அந்த வீட்டில் இருந்த அடிமைகள் எல்லோருக்கும், அதாவது 400 பேருக்கு, மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இறந்த அதிகாரியின் பெயர் பெடானியஸ் செகுண்டஸ். கொன்றவனின் பெயர் பதிவில் இல்லை. 400 பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

இதை எழுதி வைத்தவர் வரலாற்றாசிரியர் டாசிடஸ். சம்பவம் நடந்தபோது அவர் சின்னப் பிள்ளை. எழுதியது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. ரோமின் உயர்குடி ஆலோசனை அவையான செனட்டில் நடந்த பேச்சை அவர் தன் நடையில் வடித்திருப்பார் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். தண்டனைக்கு அடிப்படையான சட்டத்தைப் பற்றி ரோமானியச் சட்டத் தொகுப்பிலும் தனியாக நிறைய இருக்கிறது என்பதால், நிகழ்வின் எலும்புக்கூடு உறுதியானது.

ரோமின் அடிமை முறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொடூரமான எஜமான், வெறிபிடித்த பேரரசன் என்று தனிமனிதர்களின் குணத்தில் போய் நின்றுவிடுகிறோம். இங்கே யாரும் வெறிபிடித்து ஆடவில்லை. விவாதம் நடந்தது. உறுப்பினர்கள் கருத்துச் சொன்னார்கள். அந்தக் காலத்தின் முதல் தரச் சட்ட அறிஞர் ஒருவர் காரணகாரியத்தோடு பேசினார். எல்லாம் முறைப்படி நடந்தது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

பின்னணி: அந்தப் பதவி, அந்த வீடு

செகுண்டஸ் வகித்தது ‘பிரிஃபெக்டஸ் உர்பி’ என்ற பதவி. நகரத்தின் ஒழுங்கு அவர் பொறுப்பு. நகரக் காவல் படை அவர் கையில். ரோமின் மிக உயர்ந்த அரசுப் பதவியான கான்சல் பதவியை வகித்து முடித்த மூத்த செனட்டர்களுக்குத்தான் இது கிடைக்கும். செகுண்டஸ் கி.பி. 43இல் கான்சலாக இருந்தவர். இந்தப் பதவி எதற்காக ஏற்பட்டது என்று டாசிடஸ் வேறோர் இடத்தில் சொல்கிறார்: அடிமைகளையும், அடிக்குப் பயந்தால் மட்டுமே அடங்கும் குடிமக்களையும் கட்டுக்குள் வைக்க. ஊர் அடிமைகளை அடக்கி வைப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட மனிதர் தன் வீட்டு அடிமையின் கையால் செத்தார். செனட்டர்களை இது எவ்வளவு உலுக்கியிருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஒரு வீட்டில் 400 பேரா என்று கேட்கத் தோன்றும். பெரிய இடத்து வீடு ஒரு சிறு ஊர் மாதிரி. வாசற்காவலன், பல்லக்குத் தூக்கிகள், சமையற்காரர்கள், கணக்கெழுதுபவர்கள், எஜமானியின் தலைமுடியை அலங்கரிக்கும் பெண்கள், செவிலித் தாய்கள் எல்லாம் உண்டு. எதிரே வருபவரின் பெயரை எஜமானின் காதில் ஓதுவதற்கே ஓர் ஆள் உண்டு. இவர்களையும் சேர்த்துத்தான் ‘ஃபமிலியா’ என்று லத்தீனில் சொன்னார்கள். ஐரோப்பிய மொழிகளில் இன்று குடும்பத்தைக் குறிக்கும் சொல் அங்கிருந்துதான் வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்கு வேலையாள், அடிமை என்று பொருள்.

இந்த 400 பேரில் பலருக்கும் எஜமான் எங்கே தூங்குகிறார் என்பது தெரிந்திருந்தாலே அதிகம். கொல்லைப்புற அடுப்படியில் கிடப்பவருக்கும் படுக்கையறைக்கும் என்ன சம்பந்தம்?

அடிமைக்கு ஒரு வாசல் திறந்திருந்தது: விடுதலை. ரோமில் அடிமைகளை விடுவிப்பது சாதாரணமாக நடந்தது. முறைப்படி விடுவிக்கப்பட்டவர் குடிமகனாகவே ஆகிவிடுவார். அதற்கு அடிமையின் மதிப்பில் 5 சதவீதம் வரி. விலையை அடிமையே கொடுத்து மீள்வதும் உண்டு. எஜமான் கொடுக்கும் சில்லறை, வெளியாரின் இனாம், சின்ன வியாபாரத்தில் வரும் லாபம் என்று அடிமை சேர்க்கும் சிறுவாட்டுக்கு ‘பெகூலியம்’ என்று பெயர். சிறுவாட்டில் சிலர் தங்களுக்கென்று ஓர் அடிமையையே வாங்கி வைத்திருந்தார்கள்! ஆனால் சட்டப்படி அந்தச் சிறுவாடும் எஜமானின் சொத்துதான். அவருடைய பணத்தை அவருக்கே கொடுத்து விடுதலை கேட்பது போன்ற ஏற்பாடு இது. எஜமான் வாக்குத் தவறாமல் இருக்கும் வரைதான் ஓடும்.

பயம் இரண்டு பக்கமும் இருந்தது. அடிமைகள் எத்தனை பேரோ அத்தனை பகைவர்கள் என்று ரோமில் ஒரு பழமொழியே உண்டு. அப்போதைய பேரரசர் நீரோவின் ஆலோசகரான செனெகா ஒரு செய்தி சொல்கிறார்: அடிமைகளுக்குத் தனி உடை வைக்கலாம் என்று செனட்டில் ஒருமுறை யோசனை வந்ததாம். அப்புறம்தான் உறைத்ததாம், தனி உடை போட்டால் அடிமைகள் நம்மை எண்ணிப் பார்த்துவிடுவார்களே என்று.

கொலை

நடந்தது என்ன என்பதைச் செனட் பேச்சில் வரும் விவரங்களிலிருந்துதான் கோக்க முடிகிறது. இரவுக் காவலைத் தாண்டி, படுக்கையறைக் கதவைத் திறந்து, விளக்கை உள்ளே கொண்டுபோய்க் கொன்றிருக்கிறான். யார் செய்தது என்பதில் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

காரணமாக டாசிடஸ் இரண்டைச் சொல்கிறார். ஒன்று, விலை பேசி ஒத்துக்கொண்ட பிறகு செகுண்டஸ் விடுதலை தர மறுத்தார். இரண்டு, ஓர் ஆண் காதலன் விஷயத்தில் எஜமானுக்கும் அடிமைக்கும் போட்டி. எது உண்மை என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டாவது கிளுகிளுப்பானது என்பதால் பலர் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முதலாவதுதான் முக்கியமாகப் படுகிறது. அது பொய்யாகவே இருந்தாலும் ரோமானியர்கள் கேட்டவுடன் நம்பக்கூடிய காரணமாக இருந்திருக்கிறது. எஜமான் வாக்குத் தவறினால் அடிமை எங்கே போவான்? அவனால் வழக்குப் போட முடியாது. அவன் சட்டத்தின் முன் ஆளே இல்லை.

அப்போதிருந்த சட்டம்

எஜமான் வீட்டில் கொல்லப்பட்டால், அதே கூரையின் கீழ் இருந்த அடிமைகள் எல்லோரும் சாக வேண்டும் என்பது பழைய வழக்கம். கி.பி. 10இல் செனட் தீர்மானம் ஒன்று இதைச் சட்டமாக இறுக்கியது. அடிமைகளைச் சித்திரவதை செய்து விசாரித்து முடிக்கும் வரை இறந்தவரின் உயிலைத் திறக்கக் கூடாது என்பதும் இந்தச் சட்டத்தில் உண்டு. அதாவது வாரிசுகள் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடிமைகளை ஒளித்து வைக்கப் பார்ப்பார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. 400 அடிமைகள் என்றால் பெரும் சொத்து அல்லவா?

கி.பி. 57இல் இன்னொரு திருகு. உயிலின் மூலம் விடுதலை பெற இருந்தவர்களும் அதே கூரையின் கீழ் இருந்தால் அடிமைகளோடு சேர்ந்து சாக வேண்டும் என்றது செனட்.

சட்டத்தின் கணக்கு எளிமையானது. வீட்டுக்குள் எஜமானுக்குக் காவல் அவருடைய அடிமைகள்தான். அவர் செத்தால் நாமும் சாவோம் என்று தெரிந்தால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள், காட்டிக்கொடுப்பார்கள். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கு இந்தச் சட்டம் தேவையில்லை. மிச்சமுள்ள எஜமான்கள் நிம்மதியாகத் தூங்குவதற்குத் தேவை.

செனட்டில்

வழக்கப்படி 400 பேரையும் கொலைக்களத்துக்கு இழுத்துப் போக வேண்டிய நேரத்தில் நகர மக்கள் திரண்டுவிட்டார்கள். இத்தனை அப்பாவிகளைக் கொல்லக் கூடாது என்று கலகம் வரைக்கும் போனது. செனட்டுக்குள்ளேயும் சிலர் இது மிகையான கடுமை என்றார்கள். பெரும்பாலோர் எதையும் மாற்றக் கூடாது என்ற பக்கம்.

அப்போது எழுந்தவர் காயஸ் காசியஸ் லாஞ்சைனஸ். கி.பி. 30இல் கான்சல், பிறகு சிரியாவின் ஆளுநர், எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்ட அறிஞர்; அவர் பெயரில் ஒரு சட்ட மரபே வழங்கியது. அவருடைய வாதத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பொய் ரொம்பக் குறைவு.

மூதாதையர் வழக்கத்துக்கு மாறாகப் புதுத் தீர்மானங்கள் வந்தபோதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இன்று முடியாது என்று ஆரம்பிக்கிறார். நகரத் தலைமை அதிகாரியையே பதவி காப்பாற்றவில்லை என்றால் வேறு யாரை எந்தப் பதவி காப்பாற்றும்? 400 அடிமைகள் இருந்தும் செகுண்டஸ் பிழைக்கவில்லை என்றால் எத்தனை அடிமைகள் இருந்தால் ஒருவர் பிழைப்பார்?

அடுத்து, கொலைகாரனுக்கு நியாயமான மனக்குறை இருந்தது என்று பேசியவர்களை ஒரு குத்து. அவன் என்ன, தன் அப்பன் சொத்தில் பேரம் பேசி ஏமாந்தானா? பாட்டன் காலத்து அடிமையை யாராவது அவனிடமிருந்து பறித்துக்கொண்டார்களா? அப்படியானால் எஜமானைக் கொன்றது சரி என்றே அறிவித்துவிடுவோமே! இந்தக் கிண்டலின் கூர்மை செனட்டில் எல்லோருக்கும் புரிந்திருக்கும். சட்டத்தின் கண்ணில் அடிமைக்கு அப்பன் இல்லை, பாட்டன் இல்லை, சொத்தும் இல்லை. பேரம் பேசி ஏமாந்தான் என்ற பேச்சுக்கே இடமில்லை. விலை பேசிய கதை ஊரில் உலவிக்கொண்டிருந்தது என்பதற்கும் இந்தக் கிண்டலே சாட்சி.

பிறகு, இவ்வளவையும் ஒருவன் யாருக்கும் தெரியாமல் செய்திருக்க முடியுமா என்று கேட்கிறார். காவல், கதவு, விளக்கு எல்லாம் இங்கேதான் வருகின்றன. இது ஒன்றுதான் அவர் சாட்சியத்தைத் தொட்ட இடம். தொட்டவர் அங்கே நிற்கவில்லை. காவலில் இருந்தவர் யார், கதவருகே படுத்தவர் யார் என்று பிரித்துக் கேட்டிருந்தால் 400 என்ற எண் பத்தாகவோ இருபதாகவோ குறைந்திருக்கும். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

முன்பு அடிமைகள் எஜமானின் நிலத்திலும் வீட்டிலும் பிறந்து வளர்ந்தார்கள், அப்போதும் நம் முன்னோர் அவர்களை நம்பவில்லை. இப்போது வீட்டுக்குள் பல இனத்தார், வேறு வேறு சடங்குகள், அந்நியச் சாமிகள், சாமியே இல்லாதவர்கள். இந்தக் கும்பலைப் பயத்தால்தான் அடக்க முடியும் என்கிறார். வெற்றியில் பிடித்துவந்தவர்களை வீட்டில் நிறைத்தவர்களும் இதே செனட்டர் குடும்பங்கள்தான் என்பதை அவர் சொல்லவில்லை.

கடைசியாக, அப்பாவிகளும் சாவார்களே என்ற கேள்விக்கு வருகிறார். மழுப்பவில்லை. தோற்று ஓடிய படையில் பத்துக்கு ஒருவனைத் தடியால் அடித்துக் கொல்லும்போது வீரனுக்கும்தான் சீட்டு விழுகிறது. பெரிய முன்னுதாரணம் எதிலும் கொஞ்சம் அநீதி இருக்கத்தான் செய்யும். தனி ஆட்களுக்கு நேரும் அந்த அநீதி பொது நன்மையால் ஈடாகிவிடும் என்றார்.

அவரை எதிர்த்துத் தனியாக எழுந்து பேச யாரும் துணியவில்லை. எண்ணிக்கையையும், வயதையும், பெண்களையும், பெரும்பாலோர் சந்தேகமின்றிக் குற்றமற்றவர்கள் என்பதையும் சொல்லி இரங்கும் குரல்கள் மட்டும் அங்கங்கே எழுந்தன. பெயர் சொல்லி ஒருவர்கூட எதிர்த்தரப்பில் பதிவாகவில்லை. அடிமைகளும் மனிதர்களே, நம்மோடு உண்ண வேண்டியவர்களே என்று அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கடிதத்தில் அழகாக எழுதப் போகிற செனெகாவின் பெயரும் அந்தப் பக்கங்களில் இல்லை. தண்டனை வேண்டும் என்ற தரப்பு வென்றது.

தெருவில்

தீர்மானம் நிறைவேறியது, அதைச் செயல்படுத்த முடியவில்லை. கூட்டம் கல்லும் தீப்பந்தமுமாக மிரட்டி நின்றது.

யார் இவர்கள்? டாசிடஸ் ‘பிளெப்ஸ்’ என்கிறார், சாதாரண நகர மக்கள். இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, கி.பி. 56இல், விடுதலை பெற்ற அடிமைகளின் திமிரைப் பற்றி செனட்டில் ஒரு விவாதம் வந்தது. நன்றி கெட்டவர்களை மறுபடி அடிமையாக்கும் உரிமை வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அதற்கு வந்த பதில்: இந்த வகுப்பு எங்கும் பரவிவிட்டது, அதிகாரிகளின் உதவியாளர்களிலும் நகரப் படைகளிலும் அவர்கள்தான், செனட்டர்கள் பலருக்கே வேர் அங்கேதான், அவர்களைத் தனியாகப் பிரித்தால் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் எவ்வளவு குறைவு என்பது வெளியே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் அன்று தெருவில் நின்றவர்களில் பலருக்கு அந்த 400 பேரில் அண்ணனோ, அம்மாவோ, கூட வேலை பார்த்தவளோ இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பொதுவாக அடிமைகளுக்காக ரோம் மக்கள் தெருவில் இறங்கியதில்லை. இங்கே இறங்கினார்கள்.

மூன்று முடிவுகள்

முதல் முடிவு செனட்டுடையது: வழக்கத்தில் கை வைக்க வேண்டாம். காரணம், ஒருமுறை தளர்த்தினால் அடுத்த முறை பயம் இருக்காது.

இரண்டாவது நீரோவுடையது. அப்போது அவருக்கு வயது 23. மக்களைக் கண்டித்து ஓர் ஆணை வெளியிட்டார். தண்டனைக்கு அழைத்துச் செல்லும் வழி முழுவதும் இரண்டு பக்கமும் படைவீரர்களை நிறுத்தினார். 400 பேரும் அந்த வரிசைகளுக்கு நடுவே கொண்டுபோகப்பட்டார்கள். தண்டனையின் நோக்கம் பார்ப்பவர்களைத் திருத்துவது. இங்கே பார்ப்பவர்களைப் படையை வைத்துத் தடுத்து நிறுத்திவிட்டுத்தான் தண்டனை கொடுக்க முடிந்தது. காசியஸின் கணக்கு அந்தச் சாலையிலேயே பொய்த்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது சிறியது, ஆனால் விட்டுவிடக் கூடாது. அதே கூரையின் கீழ் இருந்த விடுதலை பெற்றவர்களை இத்தாலியை விட்டே கடத்த வேண்டும் என்று சிங்கோனியஸ் வாரோ என்ற செனட்டர் முன்மொழிந்தார். நீரோ தடுத்துவிட்டார். இரக்கத்தால் குறைக்காத பழைய வழக்கத்தைக் கொடுமையால் கூட்ட வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். ஆக வழக்கத்தில் கை வைக்கலாமா என்ற கேள்விக்குப் பேரரசர் தரப்பில் வரம்பு இருந்தது. அந்த வரம்பு விடுதலை பெற்றவர்களைக் காப்பாற்றியது, அடிமைகளைக் காப்பாற்றவில்லை.

பின்னால் நடந்தவை

காசியஸ் கி.பி. 65இல் நாடு கடத்தப்பட்டு சார்டினியாவுக்கு அனுப்பப்பட்டார். குற்றச்சாட்டு: ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான மூதாதையின் உருவத்தை வீட்டில் மற்ற முன்னோரோடு வைத்து மரியாதை செய்தது. நம் பார்வையில் பார்த்தால், அவர் பிறந்த வீடுதான் அவர் குற்றம். நீரோவுக்குப் பிறகு வெஸ்பாசியன் ஆட்சியில் திரும்பி வந்தார். வாரோவை கி.பி. 68இல் கால்பா பேரரசரானபோது விசாரணையே இல்லாமல் கொன்றார்கள்.

தண்டனை எஜமான்களைக் காத்ததா? சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து லார்சியஸ் மாசெடோ என்ற செனட்டரை ஃபார்மியே ஊர் மாளிகையில் குளிக்கும்போது அவருடைய அடிமைகள் சுற்றி வளைத்து அடித்தார்கள். செத்துவிட்டாரா என்று பார்க்கக் கொதிக்கும் தரையில் போட்டார்கள். மூச்சை அடக்கிக் கிடந்து, சில நாள் பிழைத்து, தன்னைத் தாக்கியவர்கள் தண்டிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு இறந்தார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். கொடுமைக்கார எஜமானான மாசெடோ அதைக் குறைவாக நினைத்தார், இல்லை, அளவுக்கு மீறி நினைத்தார் என்கிறார் இதைக் கடிதமாக எழுதிய இளைய பிளினி. அடுத்த வரிகளில், எஜமான் நல்லவராக இருந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று பிளினியே பயப்படுகிறார்.

பேரரசர் ஹாட்ரியன் (117–138) காலத்தில் கூரை சுருங்கியது. வீடு முழுக்க வேண்டாம், கொலையை அறியக்கூடிய அளவுக்குப் பக்கத்தில் இருந்தவர்களை மட்டும் விசாரித்தால் போதும் என்றார். 61இல் இந்த ஒரு விதி இருந்திருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதே ஹாட்ரியன் காட்டிய முகம் வேறு. எஜமானியைக் கொல்ல வந்தவன் அறையில் இருந்த பணிப்பெண்ணை, கத்தினால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். அவள் கத்தவில்லை. பிறகு விசாரணையில் அதை அவளே சொன்னாள். அந்த வாக்குமூலமே அவளுக்கு எதிராகப் போனது: கத்தினால் கொல்வேன் என்றான் என்றால், கத்த முடிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? உடம்பைக் குறுக்கே போட்டோ குரல் கொடுத்தோ உதவியிருக்கலாம். ஆபத்தில் தன் உயிரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்ற அடிமைகள் நினைத்துவிடக் கூடாது. எனவே சாக வேண்டும் என்று எழுதினார் பேரரசர். இவளுக்கும் பெயர் இல்லை.

மாறியிருக்கக்கூடியவை

இன்றைய மனித உரிமைப் பார்வையை 61ஆம் ஆண்டில் கொண்டுபோய் வைப்பதில் பெரிய பயன் இல்லை. அடிமைமுறையை ஒழிக்கலாம் என்று அந்த அவையில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ரோமானியர்களே பிறகு செய்தவற்றை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

தீர்மானத்தின்போது இருந்த வழி, யார் எங்கே இருந்தார் என்று கேட்பது. அதற்கான கேள்விகள் காசியஸின் வாயிலேயே இருந்தன. அறுபது, எழுபது ஆண்டுகளில் அது விதியாகவும் ஆனது. எதிர்த்த செனட்டர்கள் தங்கள் இரக்கத்தை ஒரு மாற்றுத் தீர்மானமாகக் கொண்டு வந்திருந்தால், அது தோற்றிருந்தாலும், வாக்குக்கு வந்திருக்கும். முணுமுணுப்புக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. காசியஸும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை கொலைக்கு முன்பே இருந்தது. விலை பேசி விடுதலை மறுக்கப்பட்டது உண்மை என்றால், அந்த அடிமைக்கு முறையிட ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். கி.பி. 160களில் மார்க்கஸ் அரேலியஸும் லூசியஸ் வேரஸும் சேர்ந்து ஆண்டபோது அந்த இடம் ஏற்பட்டது. தன் சொந்தப் பணத்தில் விலை கொடுக்கப்பட்ட அடிமை, எஜமான் விடுதலை தர மறுத்தால் அவர் மேல் புகார் கொடுக்கலாம் என்று ஆணையிட்டார்கள். மாகாணங்களில் ஆளுநர் விசாரிப்பார். ரோம் நகரில் அந்தப் புகாரை விசாரிக்க வேண்டியவர், பிரிஃபெக்டஸ் உர்பி.